தொடக்கநிலை 4 மாணவர்களுக்கு வரலாற்றுப் பயிலரங்கு: வேட உடை போட்டுப் படம் எடுப்பதைத் தவிர வேறு என்ன செய்யலாம்?

புக்கிட்_பாத்தோக்_வாசகி எழுதியது:

வணக்கம். என் மகன் தொடக்கநிலை நான்கில் படிக்கிறான். அவனுடைய பள்ளியின் பெற்றோர் ஆதரவுக் குழுவில் நானும் இருக்கிறேன். வரவிருக்கும் தாய்மொழி இருவார நிகழ்ச்சியில், தமிழ் பயிலும் பிள்ளைகளுக்குச் சிங்கப்பூர் வரலாற்றைப் பற்றி ஒன்றரை மணி நேரப் பயிலரங்கு ஒன்றைப் பெற்றோரே நடத்தித் தர முடியுமா என்று தமிழாசிரியர் கேட்டார். யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டு, இப்போது உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். 28 பிள்ளைகள், ஒரு வகுப்பறை, 200 வெள்ளி, என்னையும் சேர்த்து நான்கு பெற்றோர். கையில் இருப்பது இவ்வளவுதான்.

சென்ற ஆண்டு இதே நிகழ்ச்சிக்கு வெளியிலிருந்து ஒரு குழுவை வரவழைத்திருந்தார்கள். கட்டட வேலை செய்த சீனக் குடியேறிகளான சம்சூய் பெண்களின் சிவப்புத் தலைத்துணியையும் ரிக்‌ஷா இழுப்பவரின் தொப்பியையும் பிள்ளைகளுக்கு அணிவித்துப் படம் எடுத்தார்கள். பிறகு நாற்பது நிமிடம் திரையில் படங்களைக் காட்டிப் பேசினார்கள். கடைசியில் ஒரு புதிர்ப்போட்டி நடந்தது. வேகமாகப் பொத்தானை அழுத்தியவர்களுக்குப் பென்சில் கிடைத்தது. வீட்டுக்கு வந்தவனிடம் என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்டேன். "அந்த ரிக்‌ஷாவோட சக்கரம் பிளாஸ்டிக், அம்மா" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று அவன் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, தானாகக் கண்டுபிடித்த ஒரே செய்தி அதுதான்.

சமூகவியல் பாடத்தில் 1819, ராஃபிள்ஸ், குடியேறிகள், ஜப்பானியர் ஆட்சி எல்லாவற்றையும் இவர்கள் ஆங்கிலத்தில் எப்படியும் படித்துவிடுகிறார்கள். அதையே தமிழில் இன்னொரு முறை சொல்வதற்குப் பெற்றோர் நால்வர் விடுப்பு எடுக்க வேண்டுமா என்பது என் கணவரின் கேள்வி. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. குழுவில் ஒருவர் ராஜேந்திர சோழனைப் பற்றிச் செய்யலாம் என்கிறார், இன்னொருவர் மணலில் புதைத்த பானை ஓடுகளைத் தோண்டி எடுக்கும் விளையாட்டு வைக்கலாம் என்கிறார். பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேரின் குடும்பங்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இங்கு வந்தவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் எழுதும் திறனிலும் இவர்களுக்கிடையே பெரிய இடைவெளி இருக்கிறது. இப்படிப்பட்ட பயிலரங்கை நடத்திப் பார்த்தவர்கள், எது நடந்தது, எது நடக்கவில்லை என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வில்_ஓர்_ஆசிரியை எழுதியது:

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஒன்றரை மணி நேரத்தில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு பொருளை மட்டுமே கொடுங்கள். நூற்றாண்டுகளைக் கொடுக்காதீர்கள். நான் பல விதமாக முயன்று கடைசியில் வந்து சேர்ந்த பொருள் சுண்ணாம்பு. சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது.

சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்தை விட்டு மேலே வந்ததும் தெரியும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு 1856-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1862-இல் அது புனிதப்படுத்தப்பட்டது. அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து தண்டனை பெற்றுக் கப்பலில் அனுப்பப்பட்ட கைதிகள். உட்சுவர்களுக்கும் தூண்களுக்கும் அவர்கள் 'மெட்ராஸ் சுண்ணம்' என்ற பூச்சைப் பூசினார்கள். கைதிகளுக்குப் பொறுப்பாக இருந்த மெக்நேர் என்ற பொறியாளர் அதன் செய்முறையை 1899-இல் வெளிவந்த தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு. அதில் முட்டையின் வெள்ளைக்கருவும் வெல்லமும் அடித்துச் சேர்த்த பசை. தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். பூசிக் காய்ந்த பிறகு வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து, இடையிடையே மாக்கல் தூளைத் தூவிப் பளபளப்பாக்குவார்கள்.

பிள்ளைகளிடம் இதை முதலில் சொல்லக் கூடாது. நான் செய்தது இதுதான். ஒவ்வொரு மேசையிலும் ஒரு முட்டை, ஒரு கட்டி வெல்லம், ஒரு தேங்காய் மட்டை, ஒரு கிளிஞ்சல், ஒரு கூழாங்கல் ஆகியவற்றை வைத்துவிட்டு, "இவற்றை வைத்து என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டேன். பலகாரம் என்றார்கள். கிளிஞ்சல் எதற்கு என்றதும் யோசித்தார்கள். சாமி கும்பிட என்று ஒருவன் சொன்னான். பத்து நிமிடம் கழித்து, இது ஒரு சுவர் என்று சொன்னபோது வகுப்பில் எழுந்த கூச்சலுக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர்களுக்கே கேள்விகள் வந்துவிட்டன. எவ்வளவு முட்டை வேண்டியிருக்கும்? எறும்பு வராதா? யார் சொல்லிக் கொடுத்தது?

செய்முறைப் பகுதியில் ஒரு கண்டிப்பு. உண்மையான சுண்ணாம்பைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தோலையும் கண்ணையும் அரித்துவிடும். முட்டையைப் பார்க்கட்டும், ஆனால் உடைக்க வேண்டாம். முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளை எந்த வகுப்பிலும் ஒன்றிரண்டு இருக்கும். அதற்குப் பதிலாக, காற்றில் உலரும் களிமண்ணை உள்ளங்கை அளவுத் தட்டையான வில்லைகளாகத் தட்டி முந்திய நாளே வைத்துவிடுங்கள். அவை முழுவதும் காய்வதற்கு முன், தோல் போல் விறைத்த பதத்தில் இருக்கும்போது கூழாங்கல்லால் வட்டம் வட்டமாகத் தேய்த்தால் பளபளப்பு ஏறும். கால் மணி நேரம் தேய்த்த பிறகு கை வலிக்கும். அந்த வலி எனக்கு வேண்டும். ஒரு தேவாலயத்தின் சுவர் முழுவதையும் இப்படித் தேய்த்தவர்களைப் பற்றி அதன் பிறகு பேசினால், பிள்ளைகள் அமைதியாகக் கேட்கிறார்கள்.

தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். கிளிஞ்சல், மட்டை, வெல்லம், கூழாங்கல், மெருகு ஆகிய ஐந்து சொற்கள் போதும். அவை பொருளோடு சேர்ந்து மனத்தில் தங்கும். எழுதும் தாள் கொடுத்தால் இடைவெளி உடனே வெளிப்பட்டுவிடும், எழுத முடியாத பிள்ளை ஒதுங்கிவிடும். ஆகவே என் பயிலரங்குகளில் எழுதுவது கடைசி ஐந்து நிமிடம் மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு கேள்வியை எழுதுவதற்கு.

சிராங்கூன் சாலை ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலுக்கு முற்காலத்தில் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்று பெயர் வழங்கியதையும் சொல்லுங்கள். கம்பம் என்றால் மலாயில் கிராமம். அந்த வட்டாரத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. தீபாவளிக்குக் கடை கடையாக ஏறி இறங்கும் சாலைதான் அது. அடுத்த முறை போகும்போது பிள்ளைகளே பெற்றோரிடம் சொல்வார்கள்.

படகுத்துறை எழுதியது:

வாரக்கடைசிகளில் அரும்பொருளகங்களில் தொண்டூழிய வழிகாட்டியாக இருக்கிறேன். மேலே டீச்சர் எழுதியதை அப்படியே ஏற்கிறேன். மணல் தோண்டும் விளையாட்டையும் ராஜேந்திர சோழனையும் பற்றி மட்டும் சில சொல்ல வேண்டும்.

மணல் பெட்டியில் பானை ஓடுகளைப் புதைத்து வைத்தால் பிள்ளைகள் புதையல் தேடுவார்கள். யாருக்கு அதிகம் கிடைத்தது என்பதில்தான் கவனம் போகும், சண்டையும் வரும். ஃபோர்ட் கானிங் குன்றில் 1984-இல் ஜான் மிக்சிக் தலைமையில் அகழாய்வு நடந்தபோது பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனப் பீங்கான் துண்டுகளும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. அங்கே துண்டைவிட முக்கியமானது அது எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பது. அதைக் காட்ட வேண்டுமானால் ஒளி ஊடுருவும் பெட்டி ஒன்றை வாங்கி, அடியில் செம்மண், நடுவில் மணல், மேலே தோட்டத்துக் கறுப்பு மண் என்று மூன்று நிறத்தில் அடுக்குங்கள். அடியில் பானை ஓடு, நடுவில் பழைய காசு, மேலே ஓர் இஸி-லிங்க் பயண அட்டை. தோண்டுவதற்கு முன்பே, பக்கவாட்டில் பார்த்து, எது முதலில் வந்திருக்கும் என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அதன் பிறகு தோண்ட விட்டாலும் விடாவிட்டாலும் ஒன்றுதான்.

ராஜேந்திர சோழன் விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. 1025-இல் சோழர் கடற்படை சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் மீது படையெடுத்தது உறுதியான செய்தி. ஆனால் அதைச் சிங்கப்பூரோடு நேராக முடிச்சுப் போட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு நம் ஆசை மட்டும் போதாது. அதைவிடச் சுவையான ஒன்று நம் கையிலேயே இருக்கிறது: சிங்கப்பூர் கல்வெட்டு. ஆற்றின் முகத்துவாரத்தில் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத்துக்கு நின்ற மணற்பாறை அது. ஐம்பது வரிகள் அளவுக்கு அதில் எழுத்து பொறிக்கப்பட்டிருந்தது. 1843-இல் முகத்துவாரத்தில் இடம் வேண்டும் என்று ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். எஞ்சிய துண்டுகளில் ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இன்றுவரை யாரும் முழுமையாகப் படிக்கவில்லை.

இதை வைத்து நான் செய்யும் பயிற்சிக்குச் செலவு மிகவும் குறைவு. தடித்த அட்டையில் நான்கு வரித் தமிழ் வாக்கியங்களைப் பெரிதாக எழுதி, இருபது துண்டுகளாகக் கோணல்மாணலாக வெட்டி, ஒவ்வொரு குழுவுக்கும் ஆறு துண்டு மட்டும் கொடுப்பேன். 'வெட்டி' என்று ஒரு துண்டு இருக்கும். கிணறு வெட்டினார்களா, மரம் வெட்டினார்களா, வெட்டியாக உட்கார்ந்திருந்தார்களா என்று ஒரே வாக்குவாதம். ஐந்து நிமிடத்தில் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, மிச்சத் துண்டுகளைக் கொடுங்கள் என்று கேட்கும். இல்லை என்பேன். ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்பார்கள். ஆற்றில் போய்விட்டது என்பேன். கோபம் வரும். உண்மையான கல்வெட்டின் படத்தை அந்தக் கோபம் ஆறுவதற்குள் காட்ட வேண்டும்.

இன்னொன்று. அந்தக் கல்லில் இருப்பது தமிழெழுத்து அன்று. பழைய ஜாவாவில் வழங்கிய கவி எழுத்தின் வகை என்று பெரும்பாலும் கருதுகிறார்கள். ஆயினும் அண்மைய ஆண்டுகளில் ஓர் ஆய்வாளர், ஓரிடத்தில் 'கேசரிவ' என்று படிக்க முடிவதாகவும், அது சோழர்களின் 'பரகேசரிவர்மன்' என்ற பட்டப்பெயரின் பகுதியாக இருக்கக்கூடும் என்றும் எழுதியிருக்கிறார். சோழர் வேண்டும் என்ற பெற்றோருக்கு இது போதும் என்று நினைக்கிறேன். 'கேசரிவ' என்ற துண்டை மட்டும் எழுதிக் காட்டி, முன்னும் பின்னும் என்ன இருந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். "கேசரி வேண்டும்" என்பதுதான் எனக்கு இதுவரை அதிகம் கிடைத்த விடை. அந்த விடையைத் தவறு என்று சொல்லாமல், ஒரு மன்னன் கல்லில் வெட்டி வைக்கும் அளவுக்கு அது முக்கியமா என்று திருப்பிக் கேட்டால், ஒரு சான்றை எப்படி எடை போடுவது என்பதைப் பிள்ளைகளே தொடங்கிவிடுகிறார்கள்.

இரண்டு_பிள்ளைகளின்_அப்பா எழுதியது:

ஆசிரியை அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. சுண்ணாம்பு யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகளுக்கு இந்தியர் வரலாற்றை அறிமுகப்படுத்தும்போது கைதிகளில் தொடங்க வேண்டுமா? என் மகள் படிக்கும் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் மூன்றே பேர். பயிலரங்கில் கேட்டதை மறுநாள் அவள் வகுப்பில் சொல்ல, மற்றப் பிள்ளைகள் வேறு விதமாக எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? வணிகர்கள், ஆசிரியர்கள், பத்திரிகையாளர்கள் என்று எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்களே. வேடம் போட்டு நடிப்பதாக இருந்தால் இன்னும் சங்கடம். யாருடைய பிள்ளையின் காலில் அட்டைச் சங்கிலியை மாட்டுவது?

ஓய்வில்_ஓர்_ஆசிரியை எழுதியது:

கோபம் இல்லை. இதே கேள்வியை ஒரு பாட்டி என்னிடம் நேரில் கேட்டிருக்கிறார்.

சங்கிலி மாட்டும் நடிப்பை நானும் ஒருபோதும் அனுமதித்ததில்லை. கைதி, கூலி, போர்க்காலத்தில் அடிபட்டவர், கலவரத்தில் அகப்பட்டவர் ஆகிய வேடங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது என் கொள்கை. நடித்து முடித்த பிறகு அந்த வேடம் ஒரு பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். இடைவேளையில் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிள்ளைக்கு வேடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் விசாரிப்பவரின் வேடத்தைக் கொடுங்கள்: துப்பறிபவர், நிருபர், ஆவணக் காப்பாளர்.

மற்றபடி, கைதிகளைப் பற்றிச் சொல்லாமல் விட என்னால் முடியவில்லை. 1825-இல் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து முதல் தொகுதி வந்தது முதல் 1873-இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது வரை, இந்நகரத்தின் சாலைகளிலும் கட்டடங்களிலும் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. இன்றைய அதிபர் மாளிகையான இஸ்தானாவையும் அவர்கள்தாம் கட்டினார்கள். சென்னை, வங்காளம், பம்பாய் மாநிலங்கள் மூன்றிலிருந்தும் அனுப்பப்பட்டவர்கள் என்பதால் இதைத் தமிழர் தலையில் மட்டும் யாரும் கட்ட முடியாது. அவர்களுக்குள்ளேயே நன்னடத்தை உடையவர்களைக் காவலர்களாக நியமித்தார்கள் என்று சொன்னபோது, "வகுப்புத் தலைவர் மாதிரியா?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஏறத்தாழ அப்படித்தான் என்றேன்.

வணிகர் வேண்டும் என்றால் நாராயண பிள்ளையோடு தொடங்கலாம். 1819-இல் ராஃபிள்ஸ் இரண்டாம் முறை வந்தபோது பினாங்கிலிருந்து அதே கப்பலில் வந்தவர். இங்கே முதல் செங்கல் சூளையை வைத்தவர். துணிக்கடை 1822-இல் தீயில் எரிந்து கடனாளியாகி, மறுபடி எழுந்து, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827-இல் உருவாகக் காரணமாக இருந்தார். செங்கல்லையும் சுண்ணாம்பையும் ஒரே மேசையில் வைத்தால் இருவர் கதையும் வந்துவிடும், உங்கள் கவலையும் பாதி தீரும். மீதிப் பாதி தீராது. அது இருக்கட்டும் என்றே நினைக்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து_செங்காங் எழுதியது:

கேள்வி கேட்டவர் குறிப்பிட்ட அந்தப் பாதிக் குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. 2011-இல் வந்தோம், மகள் இங்கேதான் பிறந்தாள். அவளுக்கு ஆண்டுதோறும் ஒரு வீட்டுப்பாடம் வரும்: "கம்பத்து வாழ்க்கையைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுக." அவளுடைய தாத்தா திருவையாற்றுக்குப் பக்கத்தில் நெல் விவசாயம் செய்கிறார், அவருக்குத் தெரிந்த கம்பம் விளக்குக் கம்பம்தான். மற்றப் பிள்ளைகள் ஆட்டுக்கொட்டகை, அத்தாப்புக் கூரை, வெள்ளம் என்று சொல்லும்போது இவள் பேசாமல் இருந்துவிட்டு வருவாள். சிங்கப்பூர் வரலாறு மற்றவர்களுடைய வீட்டுச் சொத்து என்று ஒன்பது வயதில் அவளுக்குத் தோன்றிவிட்டது. அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு ஆண்டு பிடித்தது.

ஆகவே வாய்மொழி வரலாற்றுப் பகுதி வைப்பதாக இருந்தால், எல்லா வீட்டுக்கும் பொருந்தும் கேள்வியாக வையுங்கள். நான் பரிந்துரைப்பது இது: உங்கள் குடும்பத்தில் சிங்கப்பூருக்கு முதலில் வந்தவர் யார், எதில் வந்தார், பெட்டியில் என்ன கொண்டுவந்தார்? பழைய குடும்பத்துப் பிள்ளைகளின் வீட்டில் ரஜுலா, எம்.வி. சிதம்பரம் என்ற கப்பல்களின் பெயர் வரும். சென்னையிலிருந்து புறப்பட்டு நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு வந்த கப்பல்கள் அவை. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். எங்கள் வீட்டில் விமானம், நான்கு மணி நேரம், இருபத்தைந்து கிலோவில் ஐந்து கிலோ மிளகாய்த்தூள். ஒரே வகுப்பில் இரண்டு பெட்டிகளையும் திறந்து பார்த்தபோது, இரண்டிலும் இருந்தது ஊறுகாய் என்று கண்டுபிடித்துப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

கேள்வியைப் பொருளின் மீது கேட்கச் சொல்லுங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்றால் "கஷ்டமாக இருந்தது" என்ற பதில்தான் எந்தத் தாத்தாவிடமிருந்தும் வரும். "முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்?" என்றால் நிறுத்த முடியாது. 1979 முதல் வாய்மொழி வரலாறு பதிவுசெய்துவரும் தேசிய ஆவணக் காப்பகத்தின் நேர்காணல்களைக் கேட்டுப் பாருங்கள். நல்ல பேட்டியாளர்கள் எப்போதும் சின்னச் சின்னப் பொருள்களையே விசாரிக்கிறார்கள்.

டீச்சரின் சுண்ணாம்புக்கும் ஒன்று சேர்க்கிறேன். வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் இருக்கிறது. 28 பிள்ளைகளில் காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளை ஒன்றாவது இருக்கும். "எங்கள் ஆயா வீட்டுச் சுவரும் இப்படித்தான், கை வைத்தால் சில்லென்று இருக்கும்" என்று அந்தப் பிள்ளை சொல்லட்டும். சிட்டி ஹாலில் நிற்கும் தேவாலயத்தைப் பற்றி அந்த வகுப்பிலேயே அதிகம் தெரிந்த ஆள் அன்று புதிதாக வந்த பிள்ளையாக இருக்கும்.

எழுத்துக்கூட்டி எழுதியது:

ஒரு சிறு யோசனை மட்டும். 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தளத்தில் பார்க்கலாம். விளம்பரப் பக்கம் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்து, இன்றைய எழுத்திலிருந்து வேறுபடும் எழுத்துகளை வட்டமிடச் சொல்லுங்கள். தமிழ்நாட்டு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன்பு 'லை', 'னை' போன்றவற்றை யானைத் துதிக்கை போல் மேலே வளைத்து எழுதினார்கள். தமிழில் பின்தங்கிய பிள்ளைகளும் முன்னே நிற்கும் பிள்ளைகளும் இதில் ஒரே நிலையில்தான் தொடங்குகிறார்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் துதிக்கையைக் கண்டுபிடிக்கலாம். சீக்கிரம் முடித்துவிடும் குழுவுக்குக் கொடுக்க இது நல்லது.

படகுத்துறை எழுதியது:

ஜப்பானியர் காலத்தைப் பற்றிக் கேட்டு ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 1942 பிப்ரவரி 15-இல் சரணடைவு, படுகொலைகள், சயாம் ரயில் பாதைக்குத் தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டுபோனது ஆகியவை இந்த வயதுக்குப் பயிலரங்கு விளையாட்டு ஆக முடியாது. ஜப்பானியர் இங்கே வெளியிட்ட வாழைமர நோட்டு ஆகலாம். பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் அச்சிட்டிருந்ததால் வந்த பெயர் அது. பின்னால் அச்சிட்ட நோட்டுகளில் வரிசை எண்கூட இல்லை. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பத்து வெள்ளித் தாள் நோட்டு கொடுத்து, மரவள்ளிக்கிழங்கின் விலையைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள். கூடுதல் நோட்டு கேட்பவர்களுக்குத் தயங்காமல் அச்சிட்டுக் கொடுங்கள். கடைசியில் மணி அடித்து, போர் முடிந்தது, இந்த நோட்டு செல்லாது என்று அறிவித்தால், சேமித்து வைத்திருந்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் இதைச் சுண்ணாம்போடு ஒரே நாளில் வைக்காதீர்கள். ஒன்று போதும்.

புக்கிட்_பாத்தோக்_வாசகி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு விரிவான பதில்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. குழுவில் பேசி, சுண்ணாம்பை முதன்மையாகவும், கல்வெட்டுத் துண்டுகளைத் தொடக்கத்தில் பதினைந்து நிமிடமாகவும் வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். பெட்டிக் கேள்வியை ஒரு வாரம் முன்னதாக வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். மணல் பெட்டி இல்லை. சோழர் வேண்டும் என்றவர் 'கேசரிவ' துண்டைத் தானே எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டார். மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறார். கைதிகளைப் பற்றிப் பள்ளியில் தமிழாசிரியரிடமும் பேசினேன். சொல்லலாம், நடிக்க வேண்டாம் என்று அவரும் அதையே சொன்னார்.

நேற்று வீட்டில் என் மகனையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் வைத்து ஒத்திகை பார்த்தேன். இரண்டு தவறுகள். களிமண் வில்லைகளைக் குளிர்சாதன அறையில் இரவு முழுவதும் திறந்து வைத்ததில் அவை கல்லாகக் காய்ந்துவிட்டன. தேய்த்தால் பொடி கொட்டியதே தவிர மெருகு வரவில்லை. தேங்காய் மட்டையைக் காலையில்தான் தண்ணீரில் போட்டேன், அதில் நிறமே இறங்கவில்லை. மட்டைக்காகத் தேக்கா சந்தையில் மூன்று கடை ஏறி இறங்கியது தனிக்கதை. உரித்த தேங்காய்தான் எங்கும் கிடைக்கிறது, கடைசியில் இளநீர்க் கடைக்காரர் ஒருவர் எதற்கு என்று கேட்டுச் சிரித்துவிட்டு இலவசமாகக் கொடுத்தார்.

ஆனால் முட்டை, வெல்லம், கிளிஞ்சல் மூன்றையும் பார்த்து மூவரும் கால் மணி நேரம் வாதாடினார்கள். சுவர் என்று சொன்னதும் என் மகன் முட்டையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்கருவைச் சுவருக்குப் போட்டுட்டாங்கன்னா, மஞ்சள்கருவை என்ன செஞ்சாங்க?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். வேலை செய்தவர்களுக்குச் சாப்பிடக் கொடுத்தார்களா, அதிகாரிகள் வீட்டுக்குப் போயிற்றா, கொட்டிவிட்டார்களா என்று பக்கத்து வீட்டுப் பெண் அடுக்கிக்கொண்டே போனாள். இரவுச் சாப்பாட்டின்போதும் அதே பேச்சு. டீச்சர், இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

ஓய்வில்_ஓர்_ஆசிரியை எழுதியது:

இல்லை. இத்தனை ஆண்டுகளில் என் மாணவர் யாரும் அதைக் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மெக்நேர் நூலின் அந்தப் பகுதியை மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். பயிலரங்கின் கடைசி ஐந்து நிமிடத்தில் உங்கள் மகன் அந்தக் கேள்வியைத் தன் கையாலேயே எழுதட்டும். மற்றப் பிள்ளைகளின் கேள்விகளோடு சேர்த்துச் சுவரில் ஒட்டிவிட்டு, படம் எடுத்து இங்கே போடுங்கள்.

வில்லைகளைத் தட்டிய பிறகு ஈரத் துணியால் மூடி, அதன் மேல் பிளாஸ்டிக் உறையையும் போர்த்தி, குளிர்சாதனம் இல்லாத அறையில் வையுங்கள். காலையில் நகத்தால் அழுத்தினால் லேசாகத் தடம் விழ வேண்டும். மட்டை இரண்டு நாள் ஊறட்டும். வாடை வரும், பால்கனியில் வைத்துவிடுங்கள்.